சிரிப்பதற்கு முன் யாரைப் பார்க்கிறார்கள்?

மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடெல்லாம் தேடும் என் அம்மாவுக்கு,

அப்பா தூங்கிவிட்டார். காலை ஷிப்ட், ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். நான் போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் பச்சை அட்டை நோட்டில்தான். பல்கலைக்கழகத்திலிருந்து உன் பெட்டிகள் வந்தபோது அப்பா எல்லாவற்றையும் அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார், இதை மட்டும் நான் எடுத்து ஒளித்து வைத்தேன். பாதிக்கு மேல் வெறும் தாள். கோபித்துக்கொள்ளாதே.

எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா.

நாளைக் காலை ஏழேகால் மணிக்கு மிஸ் லீ என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எங்கள் நடனக் குழுவுக்குப் பொறுப்பான ஆசிரியை, உனக்குத் தெரியும். உன் இறுதிச் சடங்குக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, எங்கே செருப்பைக் கழற்றுவது என்று தெரியாமல் நின்றாரே, அவர்தான். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். சனிக்கிழமை மீரா எப்படி விழுந்தாள்? நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. பதினாறு பேர் சேர்ந்து முடிவு செய்தோம்.

மீராவை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு சேர்ந்தவள். உயர்நிலை ஒன்று, பதின்மூன்று வயதுதான். தூரத்துப் பூன் லேயிலிருந்து ரயிலில் வருகிறாள். பன்னை எவ்வளவு பெரியதாக வாங்கினாலும் இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை நீட்டுவாள். "அக்கா, இது பெரிய பாதி" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

நடந்தது இதுதான். நடனப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம். ஆசிரியை இல்லாமல் பள்ளி மண்டபத்தில் பயிற்சி செய்யக்கூடாது என்பது விதி. எங்கள் தலைவி ஷர்மி அக்கா சனிக்கிழமை எல்லாரையும் வரச் சொன்னார், மிஸ் லீக்குத் தெரியாமல். எல்லாரும் போனோம். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. முழு ஒத்திகை என்றால் பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சலங்கை கட்டிவிட வேண்டும். தானாகக் கட்டிக்கொள்ளக்கூடாது. சலங்கையை அவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு நம் கையில் தருவார்கள், நாம் மண்டியிட்டுக் கட்டுவோம். நான் துணைத் தலைவி. மீரா என் பங்கு.

அவள் வலது கணுக்கால் சூடாக இருந்தது. வீங்கியிருந்தது. முந்தின வாரமே பிசகியிருக்கிறது, வீட்டில்கூடச் சொல்லவில்லை.

"அக்கா, கொஞ்சம் வலிக்குது" என்றாள், ஏதோ தப்புச் செய்த மாதிரி.

நான் திரும்பி ஷர்மி அக்காவைப் பார்த்தேன். "அக்கா, இவளுக்கு வீங்கியிருக்கு."

"எனக்கும்தான் முட்டி வலிக்குது. யாருக்குதான் வலிக்கல? டைட்டா கட்டு லா, குதிக்கும்போது அவுந்துடப் போகுது."

நான் கட்டினேன், அம்மா. இறுக்கிக் கட்டினேன். வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தது அந்த மண்டபத்தில் என் கை மட்டும்தான்.

மூன்றாவது குதியில் அவள் விழுந்தாள். சத்தம் சலங்கையுடையதா எலும்புடையதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி எடுத்தேன். பிறகு நானும் இன்னொருத்தியும் அவளைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டாம் மாடிப் படிக்கட்டின் அடியில் உட்கார வைத்தோம். அதன் பிறகுதான் காவலாளி அங்கிளைக் கூப்பிட்டோம். தூக்கும்போது அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழவேயில்லை. "சாரி அக்கா, சாரி அக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை ஷர்மி அக்கா குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார்: "மீரா படியில விழுந்தா. நாம யாரும் ஹால்ல இல்ல. போட்டி வேணும்னா எல்லாரும் தம்ஸ்-அப் போடுங்க."

பதினைந்து கட்டைவிரல்கள் வந்தன. கடைசியாக வந்தது மீராவுடையது. மருத்துவமனையில் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது அதைப் போட்டிருக்கிறாள்.

மிஸ் லீ அந்தக் கதையை நம்பிவிட்டார். சாக்ஸோடு கைபேசியைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினாள் என்று மீராவே சொல்லியிருக்கிறாள். அதனால் அவளைக் குழுவிலிருந்து நீக்கப் போகிறார்கள். பொறுப்பில்லாத பிள்ளை என்று அவள் அம்மாவுக்குக் கடிதம் போகப் போகிறது. அதற்கு முன் துணைத் தலைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அவ்வளவுதான். நான் "ஆமாம் மிஸ்" என்று சொன்னால் முடிந்தது.

நீ வாழ்நாள் முழுவதும் ஒத்துழைப்பைப் பற்றித்தானே ஆராய்ச்சி செய்தாய்? உன் வேலை என்னவென்று தொடக்கப்பள்ளியில் கேட்டபோது 'பரிணாம உளவியலாளர்' என்று எழுதத் தெரியாமல், 'மனிதர்கள் ஏன் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள் என்று என் அம்மா கண்டுபிடிக்கிறார்' என்று எழுதினேன். அதை வெட்டி உன் அலுவலகக் கதவில் ஒட்டி வைத்திருந்தாய். இதோ பார், பதினாறு பேர் உதவியிருக்கிறோம். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, யாரும் தனியாக ஓடவில்லை. இதுவும் நீ சொன்ன அதுதானா? கூட்டமாக வேட்டையாடி, கூட்டமாகத் தின்று, கூட்டமாகப் பிழைத்த அந்தப் பழைய மனிதர்களிடமிருந்து எங்களுக்கு வந்தது இதுதானா?

ஷர்மி அக்காவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. அது அவ்வளவு சுலபமாக இருந்தால் நான் இந்நேரம் தூங்கியிருப்பேன். நீ நம் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், அந்த வாய்ட் டெக்கில், கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த மூன்று நாளும் அவர் வந்தார். வந்தவர்களுக்குத் தண்ணீர் பாக்கெட் எடுத்துக் கொடுத்தார். நான் சாப்பிடவில்லை என்று அப்பாவுக்கே தோன்றாதபோது, எனக்கு ஒரு பொட்டலம் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிடு, இல்லன்னா நான் சாப்பிட்டுடுவேன்" என்றார். நான்கு வருடம் இந்தக் குழுவுக்காக உழைத்திருக்கிறார். இது அவருக்குக் கடைசிப் போட்டி. உண்மை வெளியே வந்தால் பள்ளி எங்களைப் போட்டியிலிருந்தே விலக்கிவிடும்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு நான்தான் தலைவியாக வருவேன் என்று மிஸ் லீ ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அப்பா அதை அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டிமேல் காந்தம் வைத்து மாட்டியிருக்கிறார். நீ போன பிறகு அவர் வீட்டில் மாட்டிய ஒரே பொருள் அது. இன்று இரவு சாப்பிடும்போது, "ஸ்கூல்ல ஒரு புள்ள விழுந்துடுச்சாமே?" என்றார்.

"ஆமாப்பா. படியில."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"இல்லப்பா."

"நல்லவேளை. இந்த மாதிரி விஷயத்துல தலையக் குடுக்காத, என்ன? உனக்கு எதுக்கு வம்பு."

ரசத்தில் உப்பில்லை. இருவரும் சொல்லிக்கொள்ளாமல் சாப்பிட்டோம்.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு உண்மையில் பயம் தருவது.

தேக்கா சந்தைக்குப் போனால் நீயும் நானும் விளையாடும் அந்த விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கத்துப் புல்தரையில் கட்டுமான வேலைக்கு வந்த அண்ணன்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நீ கீரை வாங்கிய பையோடு நின்றுகொண்டு, "சொல்லு, இந்தக் கூட்டத்துல தலைவர் யாரு?" என்பாய். நான் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவரைக் காட்டுவேன். நீ எப்போதும் உதட்டைப் பிதுக்குவாய்.

"பேசுறவன பாக்காத. யாராவது ஜோக் சொல்லட்டும், வெயிட் பண்ணு. சிரிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு செகண்ட் யாரைப் பாக்கறாங்கன்னு பாரு. அவருதான்."

ஒரு தடவை அது கட்டம் போட்ட சட்டை போட்ட ஒல்லியான அண்ணனாக இருந்தது. ஓரமாக உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நீ வெட்கமே இல்லாமல் நேராகப் போய், "நீங்கதானே இவங்களுக்குத் தலைவர்?" என்று கேட்டுவிட்டாய். எனக்கு மானமே போய்விட்டது.

"ஐயோ, நானா? நான் சும்மா இவனுங்ககூட டீ குடிக்க வந்தேங்க" என்றார்.

பக்கத்திலிருந்தவர் விடவில்லை. "பொய் சொல்றாருங்க. எங்களுக்கு ஒண்ணுன்னா மொதல்ல சூப்பர்வைசர்கிட்ட போய் நிக்கறது இவருதான். திட்டெல்லாம் இவருக்கு, லீவெல்லாம் எங்களுக்கு."

எல்லாரும் அந்த ஒல்லி அண்ணனைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். பிறகுதான் அவர்களும் சிரித்தார்கள். நீ என் கையைக் கிள்ளினாய். பேருந்தில் வரும்போது சொன்னாய். மனிதர்கள் இரண்டு வகையான ஆள் பின்னால் போவார்கள், ஒருவரிடம் பயம், இன்னொருவரிடம் மதிப்பு. இரண்டிலுமே நடத்திச் செல்பவரைவிடப் பின்னால் போகிறவர்களுக்குத்தான் பலம் அதிகம், அது அவர்களுக்கே தெரியாது என்றாய். நான் பாதி கேட்டேன். மீதி நேரம் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று பள்ளி உணவகத்தில் ஷர்மி அக்கா ஒரு ஜோக் சொன்னார். "பாவம் மீரா. மேடையிலயும் ஸ்டெப் வராது, மாடியிலயும் ஸ்டெப் வராது."

உடனே யாரும் சிரிக்கவில்லை. ஒரு நொடி எல்லாரும் பார்த்தார்கள். ஷர்மி அக்காவை இல்லை, அம்மா. என்னை.

நான் சிரித்தேன். அதன் பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தியைத் திறந்து பார்த்தேன். பிறகு சனிக்கிழமை மாலையை ஒவ்வொரு நிமிடமாக நினைத்துப் பார்த்தேன். ஷர்மி அக்கா போட்டது ஆறு மணிக்கு. எல்லாரும் பார்த்துவிட்டார்கள், யாரும் எதுவும் போடவில்லை. திரையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாராவது 'வேண்டாம்' என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன். பதினைந்து பேரும் அப்படித்தான் காத்திருந்திருப்பார்களோ? ஆறு பதினொன்றுக்கு எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. கட்டைவிரலை அழுத்தினேன். அடுத்த நிமிடத்தில் மற்றவை கொட்டின, மழை மாதிரி.

இத்தனை நாளும் நான் சொன்னபடி கேட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் போனவள், பாவம் சின்னப் பெண். இல்லை. அந்தப் பதினோரு நிமிடம் ஷர்மி அக்காவிடம் ஒரு பலமும் இல்லை. நான்தான் கொடுத்தேன்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த விளையாட்டைக் கற்றுக் கொடுத்தாயா? கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்று ஏன் சொல்லவில்லை? உன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தேன். யார் யாருக்கு அருகில் உட்கார்ந்தார், யார் முதலில் எழுந்தார், யார் சொல்லி யார் கேட்டார். பயந்தவள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

ஆனால் வேறு ஒரு வரி இருந்தது. உன் குறிப்பெல்லாம் ஆங்கிலம். அந்த வரி மட்டும் தமிழ், பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில். 'இன்று கூட்டத்தில் எல்லாரோடும் நானும் கை தூக்கினேன். தப்பென்று தெரியும். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.'

யாருக்கு எதிராக, அம்மா? அது என்ன கூட்டம்? அந்த ஆள் என்ன ஆனார்? அடுத்த நாள் போய் ஏதாவது சொன்னாயா? அடுத்த பக்கத்தில் மறுபடி ஆங்கிலம், அம்புக்குறிகள், வட்டங்கள். நீ எதையும் எழுதவில்லை. கோபம் வந்தால் தமிழில் திட்டுவாய். வெட்கம் வந்தாலும் தமிழ்தான் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உன்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பிறகு நீ எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஒன்று செய்துவிட்டேன். முதலில் ஷர்மி அக்காவுக்குத் தனியாக அனுப்பினேன். "அக்கா, நாளைக்கு மிஸ் லீகிட்ட நடந்தத சொல்லப் போறேன். நீங்களும் வாங்க, சேர்ந்து சொல்லலாம்." அவருக்குத் தெரியாமல் பின்னால் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

உடனே அழைப்பு வந்தது. குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு எடுத்தேன்.

"ஏய், உனக்கு என்ன பைத்தியமா?"

"இல்லக்கா."

"போட்டி போயிடும். பதினாறு பேருக்கும் போயிடும். உனக்குக் கேப்டன் போயிடும், தெரியும்ல?"

"தெரியும்."

"மீராவே ஓகேன்னுட்டா. உனக்கு என்ன வந்துச்சு?"

"அவ கால்ல சலங்கை கட்டினது நான்தான்கா. வீங்கியிருந்துச்சு. நான் தொட்டுப் பாத்தேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "உங்கம்மா செத்தப்ப உன்கூட யாரு இருந்தா? கொஞ்சம் நெனச்சுப் பாரு."

அது உண்மைதானே, அம்மா? "நீங்கதான்கா" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

குளியலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்தபடியே குழுவைத் திறந்து என் கட்டைவிரலை எடுத்தேன். பதினைந்து பதினான்கு ஆனது. அதன் கீழே எழுதினேன். "மீரா ஹால்லதான் விழுந்தா. அவளுக்குச் சலங்கை கட்டினது நான். நாளைக்குக் காலையில மிஸ் லீகிட்ட சொல்லப் போறேன். வேற யார் பேரையும் நான் சொல்ல மாட்டேன், அவங்கவங்க பேர அவங்கவங்கதான் சொல்லணும்." அனுப்பிவிட்டேன். இனி அழித்தாலும் பயனில்லை, பலர் பார்த்துவிட்டார்கள்.

யாரும் ஒன்றும் எழுதவில்லை. ஒருத்தி குழுவிலிருந்தே விலகிவிட்டாள். ஷர்மி அக்கா எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. நாளைக்கு உணவகத்தில் நான் எங்கே உட்காருவேன் என்று தெரியவில்லை. என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நீ சொல்வாயே, பழைய காலத்தில் கூட்டத்தைவிட்டு ஒருவரைத் தள்ளிவைத்தால் அது சாவுக்குச் சமம், அதனால்தான் இன்றைக்கும் அந்தப் பயம் நம் வயிற்றில் இருக்கிறது என்று. என் வயிறு இப்போது அதைத்தான் சொல்கிறது.

போர்வைக்குள் திரும்பி வந்து இதுவரை எழுதிவிட்டு, கைபேசியை இன்னொரு தடவை பார்த்தேன்.

பதின்மூன்று.

ஒரு கட்டைவிரல் காணாமல் போயிருந்தது. யாருடையது என்று அழுத்திப் பெயர்களை வரிசையாகப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். மீராவின் பெயர் இல்லை.

கால் உடைந்த பிள்ளை, எல்லாருக்கும் சின்னவள், அவள்தான் முதலில் வந்திருக்கிறாள். மற்றவர்கள் வருவார்களா, தெரியாது. வராவிட்டாலும் இனி நான் திரும்ப முடியாது. எனக்குப் பின்னால் ஒருத்தி நிற்கிறாள், அதுவும் ஒற்றைக் காலில்.

அந்தச் சலங்கை இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது, வெட்டிய கயிறோடு. சத்தம் வராமலிருக்க உன் நீலத் துப்பட்டாவில் சுற்றி, பள்ளிச் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். இப்போது எடுத்துப் பிரித்துவிட்டேன். துப்பட்டாவை மடித்து உன் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சலங்கையை அப்படியே பள்ளிப் பையில் போட்டுவிட்டேன்.

அப்பா ஐந்து மணிக்கு எழுந்து தேநீர் போடும்போது முதலில் அவரிடம் சொல்வேன். அவர் குளிர்சாதனப் பெட்டியைப் பார்ப்பார். பார்க்கட்டும். பிறகு பையை மாட்டிக்கொண்டு நம் தோ பாயோ நிறுத்தத்தில் பேருந்து ஏறுவேன். நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் அது சத்தம் போடும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பையை இறுக்கிப் பிடிக்க மாட்டேன், அம்மா. மிஸ் லீயின் கதவு வரைக்கும் அது ஒலிக்கட்டும். இது நான் உனக்குத் தரும் வாக்கு. நீ அன்று கூட்டத்தில் தூக்கி, கீழே இறக்காத கைக்கும் சேர்த்து.

உன் கண்ணாடி உன் தலையிலேயே இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லும்,
உன் ஒரே மகள்
யாழினி